இராசதுரை மீதான பிழையான குற்றப்பத்திரிகை

மட்டக்களப்பின் நாவற்குடாவில் தேர்தல் கதை எங்கே தொடங்கினாலும் ஏதோ ஒரு கட்டத்தில் 1979 மார்ச் 7 க்கு வந்து நிற்கும். இரண்டு அங்கத்தவர் கொண்ட மட்டக்களப்புத் தொகுதியின் முதலாவது பாராளுமன்ற உறுப்பினர் செல்லையா இராசதுரை, தமிழர் விடுதலைக் கூட்டணியை விட்டு ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கத்தின் பக்கம் போன நாள் அது. பிரதேச அபிவிருத்தி அமைச்சர் பதவி அவருக்குக் கிடைத்தது. அந்த நாளை வைத்து அவரைப் பற்றி ஒரு முடிவு எழுதப்பட்டது: மந்திரிப் பதவிக்காக இனத்தை விற்றவர், கிழக்கைப் பிரித்த முதல் ஆள், பின்னால் வந்த பிரதேசவாதம் அத்தனைக்கும் வித்திட்டவர். யாழ்ப்பாணத்து அரசியல் மேடைகளிலும் வெளிநாடுகளில் வாழும் எம்மவர் நடத்தும் கூட்டங்களிலும் மட்டக்களப்பு வாசிகசாலைகளிலும் இந்த முடிவே இன்றுவரை சொல்லப்படுகிறது. அதை மறுத்துப் பேசுபவர் உடனே அவருடைய ஆளாகிவிடுகிறார்.

நான் அவருடைய ஆளல்ல. 1979 இல் அவர் செய்தது பிழை என்பதே என் கருத்து. ஆனால் அவர் மீது படிக்கப்படும் குற்றப்பத்திரிகை பிழையானது. அது அவருடைய முப்பத்து மூன்று வருடப் பாராளுமன்ற வாழ்க்கையை ஒரே நாளாகச் சுருக்குகிறது; கட்சி செய்த தவறை மறைக்கிறது; எல்லாவற்றையும் விட, அவர் உண்மையில் செய்த குற்றத்தைத் தப்பவிடுகிறது. ஒரு மக்கள் பிரதிநிதியைப் பிரதிநிதியாக வைத்து விசாரிக்க நாம் இன்னும் பழகவில்லை.

1979 க்கு முந்திய இருபத்து மூன்று வருடங்களை முதலில் எடுப்போம். 1952 இல் தமிழரசுக் கட்சி நாடு முழுவதிலும் வென்றது இரண்டே ஆசனங்கள், கோப்பாயும் திருகோணமலையும். மட்டக்களப்பில் அதற்கு ஓர் உறுப்பினரும் இருக்கவில்லை. இங்கே அரசியல் என்பது பெரும் போடிமாரும் முதலியார் குடும்பங்களும் கொழும்பில் படித்த சட்டத்தரணிகளும் தங்களுக்குள் நடத்திய காரியம். இராசதுரை அந்த வரிசையில் வந்தவரல்ல. எழுத்தும் பத்திரிகையும் மேடைப் பேச்சுமே அவருடைய முதல். 'சொல்லின் செல்வர்' என்ற பட்டம் பின்னாளில் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1956 ஏப்ரலில், இருபத்தெட்டு வயதில், காணியும் குடும்பப் பெயரும் பின்னால் இல்லாத ஓர் எழுத்தாளர் மட்டக்களப்பில் வென்றது இங்குள்ள ஏழை வாக்காளர்களுக்கு எப்படிப்பட்ட செய்தியாக இருந்திருக்கும் என்று இன்றைய இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். வாக்குக் கொடுப்பவன் வாக்குக் கேட்கவும் முடியும் என்பதை அந்தத் தேர்தல் காட்டியது.

அந்த வருடம் தமிழரசுக் கட்சி பத்து ஆசனங்களை எடுத்தது. பாராளுமன்றம் போன சில வாரங்களுக்குள் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்த தமிழரசுக் கட்சியினர் அடித்து விரட்டப்பட்டார்கள். அதே பத்துப் பேரில் கல்முனையின் எம். எஸ். காரியப்பரும் பொத்துவிலின் எம். எம். முஸ்தபாவும் விரைவில் அரசாங்கப் பக்கம் போனார்கள். பதவிதான் இராசதுரையின் நோக்கமென்றால் அவருக்கும் அன்று அந்த வழி திறந்தே இருந்தது. அவர் போகவில்லை. 1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய சத்தியாக்கிரகம் மட்டக்களப்புக் கச்சேரி வாசலுக்கும் வந்தது. ஏப்ரலில் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்த அரசாங்கம் தமிழரசுக் கட்சித் தலைவர்களைப் பனாகொடை இராணுவ முகாமில் தடுத்து வைத்தது. அங்கே இருந்தவர்களில் இராசதுரையும் ஒருவர்.

1960 மார்ச், 1960 ஜூலை, 1965, 1970, 1977 என்று வரிசையாக வென்றார். இதில் 1970 முக்கியமானது. அந்தத் தேர்தலில் கட்சியின் முன்னணித் தலைவர்களில் வட்டுக்கோட்டையில் அமிர்தலிங்கம் தோற்றார். நல்லூரில் நாகநாதன் தோற்றார். கட்சியின் கோட்டை என்று சொல்லப்பட்ட வடக்கே ஆட்டம் கண்ட வருடத்தில் மட்டக்களப்பு வாக்காளர் இராசதுரையை மீண்டும் சபைக்கு அனுப்பினார்கள். பணத்துக்கும் பதவிக்கும் சாய்ந்துவிடும் மாவட்டம் என்ற பெயரை எங்களுக்குச் சூட்டுபவர்கள் இந்தக் கணக்கை ஒருபோதும் சொல்வதில்லை.

அடுத்து, ஐக்கிய தேசியக் கட்சியோடு சேர்ந்ததே துரோகம் என்ற வாதம். 1965 மார்ச்சில் ஐக்கிய தேசியக் கட்சியின் டட்லி சேனநாயக்காவும் தமிழரசுக் கட்சியின் செல்வநாயகமும் ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகு தமிழரசுக் கட்சியே அந்த அரசாங்கத்தில் சேர்ந்தது. கட்சியின் சார்பில் மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சராக இருந்தார். 1967 இல் மட்டக்களப்பு மாநகரசபையானதும் இராசதுரை அதன் முதல் மேயரானதும் அந்தக் காலத்தில்தான். ஒப்பந்தம் நிறைவேறாது என்று தெரிந்தபின் 1968 இல் கட்சி வெளியேறியது. ஆக, கொழும்பு அரசாங்கத்தில் பங்கெடுத்து ஊருக்கு எதையாவது கொண்டு வருவது என்ற பாதையை இராசதுரை 1979 இல் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அவருடைய கட்சி அவருக்கு முன்னரே நடந்து பார்த்த பாதை அது.

சௌமியமூர்த்தி தொண்டமானையும் இங்கே நினைக்க வேண்டும். தமிழரசுக் கட்சியும் சேர்ந்து அமைத்த தமிழர் விடுதலைக் கூட்டணியின் மூன்று தலைவர்களில் ஒருவராக இருந்தவர் அவர். 1978 செப்டெம்பரில், இராசதுரை போவதற்கு ஆறு மாதம் முன்னதாக, அதே ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே. ஆர். ஜயவர்தனாவின் அமைச்சரவையில் சேர்ந்தார். மலையக மக்களின் பிரஜாவுரிமைக்காகப் போனார் என்று அதை நாம் புரிந்துகொள்கிறோம், சரியாகவே புரிந்துகொள்கிறோம். தொண்டமான் தன் தொகுதியில் தமிழீழக் கோரிக்கையை முன்வைத்து வாக்குக் கேட்டவரல்ல என்பதும் உண்மை. இராசதுரை கேட்டார். 1976 மே 14 இல் வட்டுக்கோட்டையில் எடுத்த தீர்மானத்தின் பேரில், உதயசூரியன் சின்னத்தில், அந்த ஆணையைக் கேட்டு வாங்கினார். இந்த வேறுபாட்டை நான் குறைக்க மாட்டேன். அவருடைய உண்மையான குற்றம் இருப்பதும் இதற்குப் பக்கத்தில்தான். ஆனால் அமைச்சரவையில் சேர்ந்ததையே துரோகம் என்று வைத்தால் அந்தக் குற்றத்துக்கு ஆள் பல பேர்.

இப்போது 1977 க்கு வருகிறேன். இதை யாரும் விரிவாகப் பேச விரும்புவதில்லை. இதைப் பேசாமல் 1979 ஐ விளங்கவே முடியாது.

மட்டக்களப்பு 1960 முதல் இரட்டை அங்கத்தவர் தொகுதி. ஏன் அப்படி வகுத்தார்கள் என்பது நாவற்குடாக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. தெற்கே மஞ்சந்தொடுவாய் தாண்டினால் காத்தான்குடி. தமிழரும் முஸ்லிம்களும் இடைவிட்டு இடைவிட்டு வாழும் கரை இது. ஒரு தமிழரும் ஒரு முஸ்லிமும் போகக்கூடிய வகையில் தொகுதி அமைந்தது. வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள். விரும்பினால் இரண்டையும் ஒரே ஆளுக்குப் போடலாம். இந்த ஏற்பாட்டில் ஒரு கட்சி இரண்டு பேரை நிறுத்தினால் அந்த இரண்டு பேரும் முதலில் போட்டியிடுவது தங்களுக்குள்தான். ஒவ்வொருவருடைய ஆதரவாளரும் தங்கள் ஆளுக்கே இரண்டு வாக்கையும் போடச் சொல்வார்கள். இதைத் தெரியாத கட்சித் தலைவர் யாரும் இருந்திருக்க முடியாது.

1977 இல் கூட்டணி அதைத்தான் செய்தது. இராசதுரை உதயசூரியனில் நின்றார். உணர்ச்சிக் கவிஞர் காசி ஆனந்தன் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் நின்றார். இருவரும் ஒரே முன்னணியின் ஆட்கள், ஒரே கோரிக்கை, இரண்டு சின்னம். காசி ஆனந்தன் சிறையிருந்து வந்தவர்; இளைஞர்கள் அவர் பின்னால் நின்றார்கள்; அவருடைய தகுதியை நான் கேள்வி கேட்கவில்லை. கேள்வி கட்சிக்கு. ஒரு தொகுதியில் இருபத்தொரு வருடம் இருந்த உறுப்பினர் மீது நம்பிக்கை போய்விட்டதென்றால் அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லி, வேட்பாளர் பட்டியலிலிருந்து நீக்கியிருக்க வேண்டும். நம்பிக்கை இருக்கிறதென்றால் அவரோடு நின்றிருக்க வேண்டும். இரண்டையும் செய்யாமல், தீர்ப்பைத் தொகுதி வாக்காளர் தலையில் போட்டு, தொண்டர்களை இரண்டு அணியாக்கி ஊருக்குள் மோதவிட்டார்கள். தன்னை விழுத்தவே இந்த ஏற்பாடு என்று இராசதுரையும் அவருடைய ஆதரவாளர்களும் நம்பினார்கள். அப்படி நம்பியதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை.

இதில் இன்னொரு பாதிப்பு உண்டு; அது தமிழ்த் தரப்பில் பேசப்படுவதே இல்லை. இரண்டு தமிழ் வேட்பாளர்களும் வென்றிருந்தால் மட்டக்களப்புத் தொகுதி முஸ்லிம்களுக்குப் பாராளுமன்றத்தில் ஆள் இருந்திருக்காது. 'தமிழ் பேசும் மக்கள்' என்று முஸ்லிம்களையும் சேர்த்து அழைத்து, 1956 இல் கல்முனையையும் பொத்துவிலையும் முஸ்லிம் வேட்பாளர்களோடு வென்ற கட்சி இருபத்தொரு வருடத்துக்குப் பிறகு வந்து நின்ற இடம் இது. ஜூலை 21 தேர்தலில் இராசதுரை முதலாவதாக வந்தார். முஸ்லிம் வேட்பாளரான ஃபரீத் மீராலெப்பை இரண்டாவதாக வந்தார். காசி ஆனந்தன் மூன்றாவதாக நின்று தோற்றார். மக்கள் தொகுதி வகுக்கப்பட்ட நோக்கத்தைக் காப்பாற்றினார்கள். கட்சி காப்பாற்றவில்லை. தமிழ்–முஸ்லிம் உறவு பின்னர் சீர்கெட்டதற்கு எத்தனையோ காரணங்கள் சொல்கிறோம், இரத்தம் சிந்திய காரணங்கள் பல உண்டு. 1977 இன் இந்த வேட்பாளர் தெரிவையும் அந்த வரிசையில் ஓர் இடத்தில் எழுத வேண்டும்.

அந்த வருடம் ஏப்ரல் 26 இல் தந்தை செல்வா எனப்பட்ட செல்வநாயகம் காலமாகியிருந்தார். 1956 முதல் இடைவெளியில்லாமல் பாராளுமன்றத்தில் இருந்த மிகச் சிலரில் இராசதுரையும் ஒருவர். புதிய தலைமை அமிர்தலிங்கத்திடமும் சிவசிதம்பரத்திடமும் போனது. தலைமைக்கு யார் பொருத்தம் என்பதில் கட்சிக்கு அதன் தீர்ப்பு இருக்கலாம். ஆனால் மூத்த உறுப்பினரைத் தலைமைக்கு எண்ணாததோடு நிற்காமல், அவருடைய சொந்தத் தொகுதியிலேயே அவருக்கு எதிராக ஒருவரை நிறுத்திவிட்டு, பிறகு அவர் கட்சியோடு ஒட்டாமல் போனார் என்று முறையிடுவதில் நியாயம் இல்லை.

அடுத்தது 1978 நவம்பர் 23. சூறாவளி மட்டக்களப்பை அடித்த இரவு. தென்னந்தோப்புகள் சரிந்தன, கூரைகள் பறந்தன; வாவியின் இரு கரையும், எழுவான்கரையும் படுவான்கரையும், ஒன்றாக அழிந்தன. மூன்றரை மாதம் கழித்து இராசதுரை அரசாங்கத்தோடு சேர்ந்தார். அவரை ஆதரிப்பவர்கள் இங்கே ஒரு நியாயம் வைப்பார்கள்: அழிந்துபோன ஊரைக் கட்டியெழுப்பவே போனார் என்று. இதையும் நான் ஏற்க மாட்டேன். புயல் அடித்த மாவட்டத்துக்கு வீடும் அரிசியும் கொடுப்பது அரசின் கடமை. அதற்காக அம்மாவட்டத்தின் உறுப்பினர் கட்சி மாற வேண்டும் என்று வந்தால் அது நிவாரணமல்ல, விலை. அந்த விலையைக் கேட்ட அரசாங்கத்தைக் கண்டிக்காமல் அதைக் கொடுத்தவருக்கு நன்றி சொல்வது, நாங்கள் உரிமையோடு கேட்க வேண்டியதைக் கெஞ்சிக் கேட்க வேண்டியதாக்கிவிடும். அன்று தொடங்கிய இந்தப் பழக்கம் இன்றைக்கும் மட்டக்களப்பை விடவில்லை. வீதி போட்டுத் தருகிறேன், வேலை எடுத்துத் தருகிறேன் என்று வருகிறவருக்கு நாம் இன்னும் மாலை போடுகிறோம்.

இனி, அவர் உண்மையில் செய்த குற்றம்.

1972 ஒக்டோபரில் செல்வநாயகம் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்தார். குடியரசு அரசியலமைப்பைத் தமிழ் மக்கள் ஏற்கவில்லை என்பதை மக்களிடமே கேட்டு நிரூபிக்கிறேன் என்றார். அரசாங்கம் இடைத்தேர்தலை இழுத்தடித்து 1975 பெப்ரவரி 6 இல்தான் நடத்தியது. பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட பெரும்பான்மையோடு அவர் திரும்பி வந்தார். நோயோடு இருந்த முதியவர் அப்படிச் செய்தார். நிலைப்பாடு மாறுகிறதா, மக்கள் ஆணை மாறுகிறதா, ஆசனத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பவும் கேள் என்ற முறையை இராசதுரையின் சொந்தத் தலைவரே செய்து காட்டியிருந்தார். நான்கு வருடம் கழித்து இராசதுரைக்கு அதே நிலை வந்தது. தமிழீழத்துக்கு என்று வாங்கிய வாக்கை வைத்துக்கொண்டு ஜே. ஆரின் அமைச்சரவையில் அமர முடியாது. மட்டக்களப்பு மக்களிடம் வந்து, கட்சி எனக்கு இப்படிச் செய்தது, நான் இந்தக் காரணத்துக்காகப் போகிறேன், எனக்கு வாக்குத் தாருங்கள் என்று கேட்டிருக்க வேண்டும். ஆறு முறை அவரை அனுப்பிய தொகுதி அது. கேட்டிருந்தால் வென்றிருக்கவும் கூடும். அவர் கேட்கவில்லை.

கேட்காமலிருக்க அவருக்குச் சட்டம் தயாராக இருந்தது. 1979 பெப்ரவரி 26 இல் அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் நிறைவேறியது. முதலாவது பாராளுமன்றத்தில் கட்சியிலிருந்து விலகும் அல்லது நீக்கப்படும் உறுப்பினரின் ஆசனம் என்ன ஆகும் என்பதைப் பற்றிய திருத்தம் அது. நீக்கப்பட்டவர் ஆசனத்தை இழப்பாரா என்ற முடிவு கடைசியில் பாராளுமன்றப் பெரும்பான்மையின் கைக்கு வந்தது. 168 பேர் கொண்ட சபையில் 140 பேர் அரசாங்கத்தின் ஆட்கள். அரசாங்கத்துக்கு வருபவர் காப்பாற்றப்படுவார். அரசாங்கத்தை விட்டுப் போகிறவர் காப்பாற்றப்பட மாட்டார். ஒன்பது நாள் கழித்து இராசதுரை கடந்து போனார். இந்த நாட்டின் அரசியலமைப்பில் ஒரு திருத்தம் மட்டக்களப்புத் தொகுதியின் ஓர் ஆசனத்தைச் சுற்றி வளைக்கப்பட்டது என்றால், அந்தத் தொகுதியின் வாக்காளரைவிட அதில் அவமானப்பட வேண்டியவர் வேறு யார்? அந்தக் கோபம் எங்களிடம் இருக்கிறதா? துரோகி என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டோம். இரண்டாவது திருத்தம் என்ற பெயரைக்கூட நம்மில் பலர் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு மக்கள் வாய் திறக்கவே வழியில்லாமல் போனது. 1982 டிசம்பர் 22 சர்வஜன வாக்கெடுப்பு அந்தப் பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு வருடத்துக்கு நீட்டியது. 1979 மார்ச் முதல் 1989 பெப்ரவரித் தேர்தல் வரை, கிட்டத்தட்டப் பத்து வருடம், மட்டக்களப்பின் முதலாவது உறுப்பினர் தன்னை அனுப்பியவர்களிடம் திரும்பிப் போகாமலே பதவியில் இருந்தார். அந்தப் பத்து வருடம் எப்படிப்பட்டது! 1979 ஜூலையில் பயங்கரவாதத் தடைச் சட்டம். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1983 ஜூலை இனக்கலவரம். அந்த ஓகஸ்டில் ஆறாவது திருத்தம் வந்து, பிரிவினைக்கு எதிரான சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்த கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். அதன் பிறகு மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து சபையில் மிஞ்சிய தமிழர் இருவர், மட்டக்களப்பில் இராசதுரையும் கல்குடாவில் கே. டபிள்யு. தேவநாயகமும். இருவரும் அமைச்சர்கள். எங்கள் பிள்ளைகள் சுற்றிவளைப்புகளில் பிடிபட்டுக் காணாமல் போகத் தொடங்கிய வருடங்களில் எங்களுக்காகப் பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சி வரிசையிலிருந்து எழும்பிக் கேட்க ஒரு தமிழ்க் குரல் இருக்கவில்லை. இராசதுரையின் மேல் நான் வைக்கும் குற்றம் இதுதான். 1983 ஜூலைக்குப் பிறகும் அந்த அமைச்சரவையில் இருந்ததற்கு எனக்குத் தெரிந்து ஒரு நியாயமும் இல்லை.

அமைச்சராக அவர் செய்தவற்றை இதோடு சேர்த்துச் சொல்லாவிட்டால் நானும் அரைக்கதை சொன்னவனாவேன். இந்து சமய, கலாசார அலுவல்கள் அவர் பொறுப்பில் இருந்தன. 1982 இல் கொழும்பில் உலக இந்து மாநாடு நடந்தது. அதே வருடம் விபுலானந்த அடிகளாரின் பெயரில் மட்டக்களப்பில் இசை நடனக் கல்லூரி தொடங்கியது. அடிகளார் அடங்கியிருப்பது கல்லடி உப்போடை, சிவானந்தா வித்தியாலயத்தின் அருகே. நாவற்குடாவிலிருந்து நடந்து போகும் தூரம். யாழ் நூல் தந்தவரின் மண்ணில் இசைக்கு ஒரு கல்லூரி இல்லாதிருந்த குறை அப்போதுதான் தீர்ந்தது. இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமாக அது வளர்ந்திருக்கிறது. அங்கே படித்து வெளியேறிய ஆசிரியர்கள் படுவான்கரைப் பாடசாலைகளில் பாட்டும் கூத்தும் சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்தக் கட்டடத்தைக் காட்டி 1983 ஐ மன்னிக்கச் சொல்லவில்லை. 1983 ஐக் காட்டி அந்தக் கட்டடத்தை இல்லையென்று சொல்லவும் நான் தயாரில்லை. ஒரே மனிதரின் கணக்கில் இரண்டும் உண்டு.

சரி, துரோகி என்று சொன்னால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் கிழக்கு மாகாணத்துப் பாராளுமன்ற உறுப்பினர்களின் முடிவுகளைப் பாருங்கள். பொத்துவிலில் கூட்டணி உறுப்பினராக வென்று அரசாங்கத்துக்குப் போன மு. கனகரத்தினம் 1978 ஜனவரியில் கொழும்பில் சுடப்பட்டார். உயிர் தப்பி 1980 இல் இறந்தார். மட்டக்களப்பின் சாம் தம்பிமுத்து 1990 மே 7 இல் கொழும்பில் மனைவியோடு சுட்டுக் கொல்லப்பட்டார். 2004 இல் மக்கள் தெரிந்தெடுத்த கிங்ஸ்லி இராசநாயகம் பதவி விலகினார். சில மாதங்களில் அவரும் கொல்லப்பட்டார். ஜோசப் பரராஜசிங்கம் 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில் புனித மரியாள் பேராலயத்துக்குள் கொல்லப்பட்டார். கொன்ற கைகள் வேறு வேறு, கட்சிகளும் வேறு வேறு. ஆனால் ஒவ்வொரு முறையும் அதற்கு முன் அந்த ஆளுக்கு எதிராக ஒரு முத்திரை குத்தப்பட்டிருந்தது. குத்தியவர்கள் அவரிடம் விளக்கம் கேட்கவில்லை. இராசதுரையை வெளியே அனுப்பிய தலைமையின் அமிர்தலிங்கத்தையே அதே முத்திரை தேடி வந்தது. 1989 ஜூலை 13 இல் கொழும்பில், வீட்டுக்குள், அவர் கொல்லப்பட்டார். விசாரணை இல்லாத தீர்ப்புக்கு ஒரு முறை கைதட்டிய சமூகம் அடுத்த முறை நிறுத்தச் சொல்ல முடியாது. அதனால்தான் இந்தச் சொல்லை இராசதுரைக்கும் நான் பாவிக்க மறுக்கிறேன்.

மறுபக்கத்தில், அண்மைக் காலத்தில் எங்கள் ஊரிலேயே வலுத்து வரும் இன்னொரு கதையும் உண்டு. இராசதுரை யாழ்ப்பாண ஆதிக்கத்தால் பழிவாங்கப்பட்ட கிழக்கின் வீரர். அவர் வழியே எங்கள் வழி என்பது அது. துரோகிக் கதை எவ்வளவு பிழையோ அவ்வளவு இதுவும் பிழை. கிழக்கானைக் கட்சி ஒருபோதும் தலைவனாக்கவில்லை என்கிறார்கள். பட்டிருப்பின் எஸ். எம். இராசமாணிக்கம் தமிழரசுக் கட்சியின் தலைவராக இருந்தவர். காணியும் குடும்பப் பெயரும் இல்லாத இராசதுரையை 1956 இல் வேட்பாளராக்கியதும் அதே கட்சி. 1977 இல் அவருக்கு எதிரே நிறுத்தப்பட்டவரும் யாழ்ப்பாணத்தாரல்ல, மட்டக்களப்பான். இந்தப் பிணக்கு வடக்குக்கும் கிழக்குக்கும் இடையில் மட்டும் நடந்ததாகச் சொல்பவர்கள், மட்டக்களப்புக்குள் பழைய தலைமுறைக்கும் புதிய இளைஞர்களுக்கும் இடையில் அன்று மூண்ட மோதலை மறைக்கிறார்கள். யாழ்ப்பாணத் தலைமை எங்களைக் கலந்தாலோசிக்காமல் முடிவெடுத்த சந்தர்ப்பங்கள் நிறைய. அதைப் பேசத்தான் வேண்டும். ஆனால் அந்த மனக்குறையைக் கொழும்பின் எந்த ஆட்சிக்கும் வாசற்படியாக்கிக் கொடுத்தவர்களால் மட்டக்களப்புக்குக் கிடைத்தது என்னவென்று அவர்கள் கணக்குக் காட்டட்டும்.

இப்படிச் சொல்வதால் எங்கள் மக்கள் விலைபோகிறவர்கள் என்ற பழியை ஏற்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். 2024 நவம்பர் 14 தேர்தலில் நாட்டின் 22 தேர்தல் மாவட்டங்களில் தேசிய மக்கள் சக்தி முதலிடம் பெறாத ஒரே மாவட்டம் மட்டக்களப்பு. யாழ்ப்பாணமும் வன்னியும் அந்தப் பக்கம் போனபோது இங்கே தமிழரசுக் கட்சி மூன்று ஆசனங்களோடு முதலாவதாக வந்தது. இது சரியா பிழையா என்பது வேறு வாதம். கிழக்கான் சலுகைக்குச் சாய்வான் என்று நாற்பத்தைந்து வருடமாகச் சொல்லி வந்தவர்கள் அந்தப் பேச்சைத் திரும்பப் பெற வேண்டும்.

கட்சி தாவல் நின்றுவிட்டதா என்றால் இல்லை. 2018 நவம்பரில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் மட்டக்களப்பு உறுப்பினர் ச. வியாழேந்திரன் மகிந்த ராஜபக்சவின் அரசில் பிரதி அமைச்சரானார். 2020 இல் வேறு சின்னத்தில் நின்று மக்களிடம் போய் வென்றார். அந்தளவுக்கு அது மக்கள் முன் வந்த விடயம். முஸ்லிம் காங்கிரசின் சின்னத்தில் வென்ற நசீர் அஹமட் கட்சியின் முடிவுக்கு மாறாக அமைச்சரானார். கட்சி அவரை நீக்கியது. 2023 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அந்த நீக்கம் செல்லும் என்று தீர்ப்பளிக்க, அவர் ஆசனத்தை இழந்தார். 1979 இல் ஒரு மட்டக்களப்பு உறுப்பினரின் ஆசனத்தைக் காப்பாற்றச் சட்டம் வளைந்தது. நாற்பத்து நான்கு வருடம் கழித்து இன்னொரு மட்டக்களப்பு உறுப்பினரின் ஆசனத்தைச் சட்டம் எடுத்தது. முன்னேற்றம் என்றே சொல்வேன். ஆனாலும் எடுத்த ஆசனம் மக்களிடம் திரும்பவில்லை. கட்சிப் பட்டியலில் அடுத்திருந்தவருக்குப் போனது. விகிதாசாரத் தேர்தலில் இடைத்தேர்தல் கிடையாது. செல்வநாயகம் 1972 இல் எடுத்த வழியை இன்று யாராவது எடுக்க நினைத்தாலும் எடுக்க முடியாது. ஆசனம் அன்று உறுப்பினருடையதாக இருந்தது, இன்று கட்சியுடையதாக இருக்கிறது. வாக்காளருடையதாக எப்போதும் இருக்கவில்லை.

இராசதுரையின் வாழ்க்கையிலிருந்து கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. எங்கள் வேட்பாளரை யார், எங்கே வைத்து, எந்த முறையில் தெரிவு செய்கிறார்கள்? வாங்கிய ஆணையை மாற்ற விரும்பும் உறுப்பினர் யாரிடம் வந்து அனுமதி கேட்க வேண்டும்? முதல் கேள்விக்கு 1977 இல் கட்சி பதில் சொல்லவில்லை. இரண்டாவதுக்கு 1979 இல் இராசதுரை பதில் சொல்லவில்லை. துரோகி என்றோ வீரர் என்றோ பெயர் வைப்பவர்கள் இந்த இரண்டில் ஒன்றிலிருந்து தப்பிக்கொள்கிறார்கள்.

அடுத்த தேர்தலுக்கு வேட்பாளர்கள் கல்லடிப் பாலம் கடந்து நாவற்குடாவுக்கு வருவார்கள். எந்தக் கட்சியானாலும் இந்த இரண்டையும் கேளுங்கள். கூட்டத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் கேளுங்கள். பதில் தராதவருக்கு உங்கள் வாக்கைக் கொடுக்காதீர்கள்.